நிலவறையில் எரிந்த அடுப்பு

கிட்டே வாருங்கள், கண்ணுகளே. காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு உட்காருங்கள். ஓர் அடுப்பின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கும்போது உங்கள் உள்ளங்கால் வெதுவெதுப்பாகும், நெஞ்சு கொஞ்சம் சில்லிடும். இரண்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பல்கேரியாவின் தெற்குச் சமவெளியில், லிப்னிக் என்ற எங்கள் ஊரில், பெனாவின் வீட்டு நிலவறையில் எட்டாயிரம் வருடமாக ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டவன் அவள் புருஷன் ஸ்பாஸ். ஒயின் பீப்பாய்க்கு இடம் போதவில்லை என்று அவன் நிலவறையை ஆழப்படுத்தினான். முதலில் துருக்கியர் காலத்துப் புகைக்குழாய்த் துண்டுகள் வந்தன, அதற்குக் கீழே ரோமானியர் செங்கல், அதற்கும் கீழே கரிய மண். அந்த மண்ணில் கடப்பாரை ஒரு களிமண் கூரையை உடைத்தது. உள்ளே சாம்பல், சாம்பலுக்குள் தணல். யாரோ இப்போதுதான் ரொட்டியை எடுத்துவிட்டுப் பக்கத்து வீடு வரை போயிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்பதுபோல் இருந்தது. ஸ்பாஸ் தொப்பியைக் கழற்றினான். பிறகு அந்தத் தணலிலேயே ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அடுப்பை ஒட்டி ஒரு சின்னஞ்சிறு எலும்புக்கூடு ஒருக்களித்துக் கிடந்தது. முழங்கால்கள் மார்போடு சேர்ந்திருந்தன, கழுத்தருகே ஒரு களிமண் மணி. பெனா படியில் இறங்கி வந்து பார்த்தாள். அந்தக் காலத்து மனிதர்கள் குழந்தை இறந்தால் வீட்டுக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் புதைத்தார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் பார்த்ததும், “வெளியில குளிருமேன்னு உள்ளேயே வெச்சிருக்காங்க” என்றாள்.

அவளுக்கும் ஒரு பெண் பிறந்தாள், அதற்குச் சில வருடங்களுக்கு முன். அழாமல் பிறந்தாள். அந்த நாட்களில் அப்படிப் பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியில் தாயிடம் தரமாட்டார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டால், அடுத்ததைப் பெற்றுக்கொள், நீ இன்னும் சின்னப் பெண்தானே என்பார்கள். அடுத்தது வரவில்லை. இறந்தவர்களுக்கான சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்களெல்லாம் சர்க்கரையும் வால்நட்டும் தூவிய வெந்த கோதுமையைக் கல்லறைக்கு எடுத்துப்போவார்கள். பெனாவும் ஒரு கிண்ணம் வேகவைப்பாள். வைப்பதற்கு இடமில்லாமல் புறாக்களுக்கு இறைத்துவிட்டு வருவாள்.

அன்று அவள் மேலே போய், தன் திருமணத்துக்கு நெய்த சிவப்புக் கம்பளியைக் கொண்டுவந்து எலும்புகளின் மேல் போர்த்தினாள்.

“இவ நம்ம பொண்ணு. யார்கிட்டயும் வாயத் திறக்காதே.”

ஸ்பாஸ் தலையை இடவலமாக ஆட்டினான். எங்கள் பக்கத்தில் அதற்குச் சரி என்று பொருள்.

வாயைத் திறக்காமலிருப்பது எங்கள் தெருவில் பெரிய காரியமே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே ஒரு ரோமாபுரி கிடந்தது. கிணறு வெட்டினால் தூண் வரும், கழிப்பறைக்குத் தோண்டினால் சித்திரத் தரை வரும். அதிகாரிகளுக்குத் தெரிந்தால் கட்டுமானம் நின்றுவிடும், வீடு வருடக்கணக்கில் கயிறு கட்டிக் கிடக்கும். அதனால் எது வந்தாலும் விடியற்காலையில் கான்கிரீட் ஊற்றி மூடிவிடுவது வழக்கம். கலவை இயந்திரத்தின் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அக்கம்பக்கத்தார் வானொலியைச் சத்தமாக வைப்பார்கள். அதுதான் எங்கள் தெருவின் நல்லுறவு. கைக்கடக்கமான சிலைத் தலைகளையும் பலிபீடக் கற்களையும் மட்டும் மூடாமல் வைத்துக்கொண்டார்கள். பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறப்போடும்போது மேலே பாரம் வைக்கக் கல் வேண்டுமே. பெனாவின் பக்கத்து வீட்டு ருஸ்காவிடம் இருந்தது ஒரு ரோமானியச் சீமாட்டியின் தலை. சுருள் சுருளாக முடி, உடைந்த மூக்கு. கோஸ் புளிக்கும் மாதங்களில் அது உப்புநீருக்குள்ளிருந்து லத்தீனில் முணுமுணுக்கும்.

“என் மாமியாரேதான்” என்பாள் ருஸ்கா. “பேசறது ஒரு எழவும் புரியாது. ஆனா குத்தம் சொல்றான்னு மட்டும் நல்லாத் தெரியும்.”

ஸ்பாஸ் ஒரு பிப்ரவரியில் திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோலோடு உட்கார்ந்தவன் எழவில்லை. பழைய ஆட்சி போய்ப் புது ஆட்சி வந்தது. பெனா வேலை பார்த்த நூல் ஆலையை மூடினார்கள். பிறகு அந்தக் கொடுங்குளிர்காலம் வந்தது. ரொட்டி வரிசையின் வாலில் நிற்கும்போது ஒரு விலை, தலைக்கு வந்து சேரும்போது வேறு விலை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. விறகு வாங்க வழியில்லாதவர்கள் முதலில் வேலியை எரித்தார்கள், பிறகு கோழிக்கூண்டை, பிறகு அலமாரியை. அப்போதுதான் தெருவே ஒன்றைக் கவனித்தது. பெனாவின் கூரையில் மட்டும் பனி தங்கவில்லை. அவள் வாசலில் ஜனவரியில் புல் முளைத்திருந்தது.

முதலில் கதவைத் தட்டியவள் ருஸ்கா. அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. பெனா யாரையும் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலிகளோடு நிலவறைக்குள் இறங்கினார்கள், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள், கையிலிருந்த உருளைக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துச் சுட்டுத் தின்றார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான்: உரக்கப் பேசக்கூடாது, சின்னவள் தூங்குகிறாள். கம்பளிக்குள் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. குடிகாரப் பஸ்காரர் கூடக் கிசுகிசுவென்றுதான் கெட்ட வார்த்தை சொல்வார். போகும்போது ஆளுக்கொரு தணலை வாளியில் போட்டுக் கொடுப்பாள். அந்த ஒரு தணல், விறகு கேட்காமல், வசந்தத்தில் நாரைகள் திரும்பி வரும்வரை ஒரு வீட்டைச் சூடாக வைத்திருந்தது.

ஆனால் இக்னாத் திருநாளில் மட்டும் தரமாட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்பு வரும் அந்த நாளில் வீட்டிலிருந்து நெருப்போ உப்போ வெளியே போகக்கூடாது. போனால் வீட்டின் பாக்கியமும் கூடவே இறங்கிப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காலையில் முதலில் வருபவர் ஒரு குச்சியால் அடுப்பைக் கிளறி வீட்டாரை வாழ்த்தவேண்டும், அவ்வளவுதான், வெறுங்கையோடு போகவேண்டும். அடுத்த குளிர்காலத்தின் இக்னாத் நாளன்று முதலில் வந்தவள் ருஸ்கா. குச்சி கொண்டுவரவில்லை. காலி வாளி கொண்டுவந்தாள். அவள் மருமகளுக்கு முந்தின வாரம் குறைமாதத்தில் ஒரு பெண் பிறந்திருந்தாள். யாரோ கதவைத் திறந்துபோட்டதில் அவர்கள் வீட்டுத் தணல் அணைந்துவிட்டது.

“உதடு நீலமாயிடுச்சு பெனா. ஒரே ஒரு துண்டு. உன் கால்ல விழறேன்.”

“இன்னிக்கு என்ன நாள்னு தெரியாதாக்கா உனக்கு?”

“தெரியாமலா வந்தேன்? தெரிஞ்சுதான்டி வந்திருக்கேன்.”

“குழந்தைய இங்க தூக்கிட்டு வா. இங்கேயே வெச்சுக்கலாம்.”

“சுத்தியிருக்கற துணியப் பிரிச்சாலே உசிரு போயிடும். தெருவ எப்படித் தாண்டுவேன்?”

பெனா அடுப்பருகே கிடந்த சிவப்புக் கம்பளியைப் பார்த்தாள். தன்னிடமிருந்து ஒரு குழந்தையைக் கொண்டுபோன கைகள் எப்படியிருந்தன என்று அவளுக்கு நினைவிருந்தது. அடுப்பின் நடுவிலிருந்து பெரிய தணலாக எடுத்து வாளியில் போட்டாள்.

“இத மறந்தேன்னா நான் மனுஷியே இல்ல” என்றாள் ருஸ்கா. “என் கையும் காலும் விறைச்சுப்போகட்டும்.”

குழந்தை பிழைத்தது. நெருப்பு தந்த உயிர் என்று ஒக்னியானா என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மொழியில் ஓகன் என்றால் நெருப்பு. வருடங்கள் போயின. விலைகள் ஓரிடத்தில் நின்றன, புதுப்பணம் வந்தது, பிள்ளைகள் ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் போய்ப் பணம் அனுப்பினார்கள், வீட்டுக்கு வீடு மின்கணப்பு வந்தது. நிலவறைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. பெனாவுக்கு அதில் வருத்தமில்லை. சின்னவளுக்கும் தூக்கம் கலையாமலிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் இறங்கிச் சாம்பலைத் தட்டிவிட்டு, கம்பளியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, அன்றைய சமாச்சாரங்களைச் சொல்வாள். இறந்தவர்களின் சனிக்கிழமைகளில் கிண்ணம் வைக்க இடமிருந்தது. புறாக்கள்தான் கொஞ்ச காலம் ஏமாந்தன.

ஓர் இலையுதிர் காலத்தில் சாக்கடைக் குழாய் போடத் தெருவைத் தோண்டினார்கள். ரோமானியர் சாலை ஒன்று வண்டிச் சக்கரத் தடத்தோடு அப்படியே வந்து நின்றது. அதைப் பார்க்கத் தலைநகரிலிருந்து எலித்ஸா என்ற தொல்லியல்காரி வந்தாள். சின்ன வயது, பெரிய பூட்ஸ். கோஸ் புளிக்கும் மாதம் அது. ருஸ்காவின் நிலவறை ஜன்னல் வழியே, இந்த வருடம் உப்பு போதவில்லை என்று யாரோ சுத்தமான லத்தீனில் சொல்வது அவள் காதில் விழுந்தது. தெருவில் லத்தீன் தெரிந்த முதல் ஆள் அவள்தான். நேராக உள்ளே போய்ப் பீப்பாய் மூடியைத் திறந்தாள்.

பழம்பொருளை ஒளித்துவைத்தால் எங்கள் நாட்டில் சிறை. ருஸ்கா முதலில் அழுதாள். பிறகு, கல் மாமியார் வழிச் சொத்து என்றாள். கடைசியில் சுவரைக் காட்டினாள்.

“ஒரு ஒடஞ்ச மூக்குக்காரிக்கா என்னை இந்தப் பாடு படுத்தறீங்க? அந்தப் பக்கம் போய்ப் பாருங்க. அங்க இருக்கறதப் பாத்தா இவள நீங்களே கோஸுக்குள்ள திருப்பிப் போட்டுட்டுப் போவீங்க.”

எலித்ஸா பெனாவின் நிலவறைப் படியில் இறங்கி அடுப்பின் முன் மண்டியிட்டாள். கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு கம்பளியின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்து, எடுத்த மாதிரியே போர்த்திவிட்டாள். அதற்காகவே பெனாவுக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது.

“இது எட்டாயிரம் வருஷத்துக் குழந்தைம்மா.”

“தெரியும். அத்தனை வருஷமா யாரும் தேடி வரல. நான்தான் போர்த்தி விட்டேன்.”

எலித்ஸா கெட்டவள் இல்லை, கண்ணுகளே. இவளைக் கெட்டவளாக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவள் ஒரு வழி சொன்னாள். தணல் இருக்கிறது என்று அவள் ஒருத்தி சொன்னால் தலைநகரிலிருந்து வரும் ஆய்வுக் குழு நம்பாது, பெனாவே இப்போது மூட்டிய நெருப்பு என்பார்கள். ஆனால் இந்த நெருப்பு வருடக்கணக்காகத் தானாகவே எரிகிறது, இவள்தான் பேணி வருகிறாள் என்று தெருக்காரர்கள் சாட்சி சொன்னால், அடுப்பையும் குழந்தையையும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கலாம். பெனாவையே காவலாளாக வைக்கலாம்.

“தெருவே வந்து உக்காந்த இடம் இது” என்றாள் பெனா. “சொல்லாமலா இருப்பாங்க?”

குழு ஒரு நவம்பர் காலையில் வந்தது. மேல்கோட்டு போட்ட ஆட்கள், தோல் கையுறை அணிந்த கைகள். தெருக்காரர்கள் நிலவறைப் படிகளில் வரிசையாக நின்றார்கள். எத்தனையோ குளிர்காலங்களுக்குப் பிறகு மறுபடி அதே முகங்கள் தணல் வெளிச்சத்தில் சிவந்து தெரிந்தன. பெனாவுக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. அவள் தலையில் புது முக்காடு கட்டியிருந்தாள்.

இந்த நெருப்பை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா என்று குழுத்தலைவர் கேட்டார்.

பஸ்காரர் தன் நிலவறையிலுள்ள பலிபீடக் கல்லை நினைத்தார். பார்த்தேன் என்றால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்பார்கள். ஏன் சொல்லவில்லை என்றால், உன் வீட்டில் என்ன ஒளித்திருக்கிறாய் என்பார்கள். முகவாயை மேலே உயர்த்தி நாக்கைச் சொடுக்கினார். எங்கள் பக்கத்தில் அதற்கு இல்லை என்று பொருள். தணலில் ஒரு சிவப்பு குறைந்தது. அடுத்து நின்ற தையல்காரி தன் சமையலறைக்குக் கீழே கான்கிரீட்டுக்குள் கிடக்கும் சித்திர மீன்களை நினைத்தாள். அவளும் முகவாயை உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் கறுத்தது. இப்படியே படி படியாக இறங்கி வந்தது அந்த இல்லை. எட்டாயிரம் வருடத்து மழையும், ரோமாபுரியும், துருக்கியரும், ஊரையே எரித்த போரும் அணைக்காத நெருப்பை எங்கள் தெரு முகவாயால் அணைத்தது.

கடைசிப் படியில் நின்றவள் ருஸ்கா. ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு, விரல் நுனியளவு, இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா” என்றாள் பெனா. “இக்னாத் நாள்.”

ருஸ்கா அவளைப் பார்க்கவில்லை. குழுத்தலைவரின் காலணிகளைப் பார்த்தாள்.

“இவங்க பாவம், தனியா இருக்காங்க. புருஷன் போனதுலேர்ந்து கொஞ்சம் அப்படித்தான். நெருப்பாவது ஒண்ணாவது, நான் இங்க வந்ததே இல்லையே.”

குழுத்தலைவர் கையுறையைக் கழற்றி அடுப்புக்குள் கைவிட்டார். சாம்பல் ஆற்று மணல் போலக் குளிர்ந்திருந்தது. எலித்ஸா மட்டும் அழுதாள். அழுகையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் வழக்கமில்லை.

அடுப்பை மண்ணோடு அறுத்தெடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். குழந்தையையும் கொண்டுபோனார்கள். கம்பளியை மடித்துப் பெனாவின் கையில் கொடுத்தார்கள், அது பழம்பொருள் இல்லை என்று. வீட்டை அரசு எடுத்துக்கொண்டது, அவளுக்கு ஊரெல்லையில் மாடிக் கட்டடத்தில் ஓர் அறை கிடைத்தது. அவள் யாரையும் திட்டவில்லை, சாபமும் விடவில்லை. அதைத்தான் எங்கள் தெருக்காரர்கள் இன்றுவரை சொல்லிச் சொல்லி ஆறுதல்பட்டுக்கொள்கிறார்கள்.

அந்தக் குளிர்காலம் எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. மற்ற தெருக்களில் கோடை வந்து எலுமிச்சை நிறத்தில் லிண்டன் மரங்கள் பூக்கும்போது எங்கள் தெருவில் மூச்சு புகையாக வரும். கணப்பை எத்தனை ஏற்றினாலும் சுவர் வேர்க்குமே தவிர அறை சூடாகாது. தக்காளி பழுக்காது. ஆகஸ்டில் குளிர்காலச் சேமிப்புக்குக் குடைமிளகாய் சுடும்போது கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சுடுவார்கள். சுற்றுலாக்காரர்கள் முதலில் படமெடுத்தார்கள், பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது. தபால்காரர் எங்கள் தெருமுனையில் கையுறை போட்டுக்கொள்வார், மறுமுனையில் கழற்றுவார். ருஸ்காவின் விரல்கள் ஒவ்வொன்றாக விறைத்தன. பொத்தானைப் போட்டுவிட ஆள் தேடினாள்.

அருங்காட்சியகத்தில் அடுப்பையும் குழந்தையையும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எலித்ஸா சண்டை போட்டுச் செய்த காரியம் அது ஒன்றுதான். ஒவ்வொரு காலையும் கண்ணாடியின் உட்புறத்தில், கீழே, ஒரு சின்ன ஆவிப்படலம் படிந்திருக்கும், உள்ளே யாரோ மூச்சுவிடுவதுபோல. ஈரப்பதம் என்று எழுதிவைத்தார்கள். அந்த அறைக்குக் காவலாளாக வந்து சேர்ந்தவள் ஒக்னியானா. வளர்ந்து, படித்து, ஸ்பெயினுக்குப் போகாமல் ஊரிலேயே நின்றுவிட்ட பெண். எங்கள் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் குளிரவே குளிராது, சட்டைக் கையை மடித்துவிட்டே திரிவாள். ஏனென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

பெனா இறந்தவர்களின் சனிக்கிழமைகளில் கோதுமைக் கிண்ணத்தோடு வருவாள். எல்லோரையும் போலச் சீட்டு வாங்குவாள்.

“பாட்டி, சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாது.”

“சரிம்மா. இங்க உன் மேசையில வெச்சிட்டுப் போறேன்.”

“கண்ணாடியத் தொடாதீங்க பாட்டி, கறை படும்.”

“சரிம்மா. நீ சாப்பிட்டியா? கை சூடா இருக்கா?”

இந்தக் கேள்வி ஒக்னியானாவுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவாள், கோதுமை எப்போதும் இளஞ்சூடாக இருந்ததால். உன் உதடு ஒருநாள் நீலமாக இருந்தது என்று பெனா அவளிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் அவளைக் கண்ணாடியைத் தொடவிட்டிருப்பாள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டி வாங்க அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பிப்ரவரியில், கொடி கத்தரிக்கும் நாட்களில், பெனா தன் மாடி அறையில் சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தாள், எழவில்லை. மாதா கோயில் மணியடித்துப் புதைத்தார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. ரொம்பக் குளிராக இருந்தது என்றார்கள்.

மறுநாள் காலை ஒக்னியானா கண்ணாடியைத் துடைக்கத் துணியோடு போனாள். கீழே அந்தச் சின்ன ஆவிப்படலம். அதற்குச் சற்று மேலே, அதை ஒட்டினாற்போல், பெரியதாக இன்னொன்று. சின்னது மங்கும்போது பெரியதும் மங்கியது, சின்னது படரும்போது பெரியதும் படர்ந்தது. அடுப்பின் சாம்பலுக்குள் விரல் நுனியளவு ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போய் வாசற்கதவைத் திறந்தாள்.

அந்த அறையில் இப்போது கணப்பு போடுவதில்லை, தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். எங்கள் தெருக்காரர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள், ஜூலையிலும் வருகிறார்கள், கோட்டோடு பெஞ்சில் வரிசையாக உட்காருகிறார்கள். யாரும் உரக்கப் பேசுவதில்லை. ருஸ்காவும் வருகிறாள். விறைத்த கையைக் கண்ணாடியில் வைத்துக்கொள்ளப் பார்ப்பாள்.

“தொடாதீங்க பாட்டி” என்பாள் அவள் பேத்தி. “தூங்கறாங்க.”

அவ்வளவுதான் கதை, என் தங்கங்களே. உங்கள் வீட்டு அடுப்பில் பொறிக்கொரு சிரிப்பு பிறக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போர்வை விலகாமல் தூங்கட்டும். உங்கள் வாசலுக்கு நெருப்பு கேட்டு யாராவது வந்தால், என்ன நாளாக இருந்தாலும் கொடுங்கள். வாங்கிப்போனவர் அதை மறக்காதவராக இருக்கட்டும்.